றொசல்லயிலும் மஸ்கெலியாவிலும் ஒரே வைரஸ்

— ஜெயமலர் மிஸ், அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி எழுதிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— ரோகினி அக்கா, இது ஆய்வு அறிக்கை, மாத்தேலாது. பதினெட்டுத் தோட்டத்தில இலை எடுத்தனாங்கள். கோவா, நோக்கோல், முள்ளங்கி எண்டு எல்லா மரக்கறியிலயும் நோய் ஒண்டுதான். ஆனா வைரஸ் தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் வித்தியாசம். றொசல்லயில உங்கட தோட்டமும், மஸ்கெலியாவில உங்கட மனுசன் பொன்னையா அண்ணையின்ர தமையன்ர தோட்டமும் மட்டும் அச்சொட்டா ஒண்டு.

— அந்த வரியத்தான் மாத்தச் சொல்றேன்! காமன் கூத்துல மதன் வேஷம் அண்ணனுக்குப் போச்சுன்னு எட்டு வருஷமா இவரு அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கல. அந்த வீட்டுத் தூசிகூட நம்ம லயத்துக்கு வரக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

— தூசி வரேல்லை. நாத்து வந்திருக்கு.

— மெதுவாப் பேசுங்க மிஸ்! ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல ஓரகத்தி அக்காவப் பாத்தேன். அவங்க கோவா நாத்து குடுத்தாங்க, நான் லீக்ஸ் குடுத்தேன். இவருகிட்ட நானுஓயாவுல வாங்குனேன்னுட்டேன்.

— ஒருக்காத்தானே?

— ஒரு தடவதான். மாசத்துக்கு.

— அக்கா!

— பூச்சி பறந்து வந்து பரப்பிருச்சுன்னு எழுதுங்களேன்.

— அந்தப் பூச்சி பக்கத்துச் செடிக்குத்தான் கொண்டு போகும். மஸ்கெலியாவில இருந்து றொசல்லைக்குப் பறக்குமோ?

— அப்ப பஸ்ஸுல வந்துச்சுன்னு எழுதுங்க!

— என்ர வேலை போயிடும்.

— ஞாயித்துக்கெழம மரக்கறிச் சங்கக் கூட்டத்துல இத வாசிக்கப்போற தலைவரே அவருதான் மிஸ். தெரிஞ்சா என்னய ஹட்டன் பக்கமே விடமாட்டாரு. மனசு விட்டுப் பேச எனக்கு அந்த அக்கா ஒருத்தங்கதான் இருக்காங்க.

— அழாதேங்கோ. நீங்கள் ஏன் உங்கட கோவாவை நினைச்சுப் பயப்பிடுறியள்? அதில நோயே இல்லை. நாங்கள் இலை எடுத்தது கீழ்ப் பாத்தி நோக்கோல்ல.

— நோக்கோலா? அது நான் நட்டதில்லையே. அவருதான் நானுஓயாவுல வாங்குனேன்னு கொண்டாந்து நட்டாரு.

— நானுஓயாத் தோட்டம் ஒண்டிலயும் இந்த வைரஸ் இல்லை அக்கா. மஸ்கெலியாவில அந்தத் தமையன்ர தோட்டத்தில மட்டுந்தான்.

— மிஸ்...

— சொல்லுங்கோ.

— ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்க. ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாடியும் அவரு வாயாலயே வாசிக்கட்டும்.