வாசல்காரியின் ரத்தம்

எனக்குப் பால் பிடிக்காது. காபிகூட வெறும் காபிதான். கால்நடைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டு பால் குடிக்காத ஆளா என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொன்னதில்லை.

விசாரணை என்றாலும் நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், தண்ணீரும் கொடுத்தீர்கள். டம்ளரைக் கழுவிக் கொடுத்திருக்கலாம், பரவாயில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாடுகளிடம் ரத்தம் எடுப்பது என் வேலை. கன்று வீச்சு நோய் என்று ஒன்று உண்டு. கிருமி சினைமாட்டின் கருப்பையில் குடியேறி, மாதம் நிறையும் முன்பே கன்றைத் தள்ளிவிடும். விழுந்த கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் அந்தக் கிருமி மண்டிக் கிடக்கும். மனிதர்களுக்கும் தொற்றும். ரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டை வெள்ளை டைல்ஸ் துண்டில் வைத்து, ரோஸ் நிற மருந்து ஒரு சொட்டு கலந்து ஆட்டினால், நோயுள்ள ரத்தம் திரிதிரியாகக் கட்டும். நோய் இல்லையென்றால் வழவழவென்று அப்படியே இருக்கும். ஆனால் தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தமும் சில சமயம் திரிந்து ஏமாற்றும். நோய் எது, ஊசி எது என்று பிரித்துக் காட்டும் புதிய சோதனை ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பண்ணை பண்ணையாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவன் நான்.

நீங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் போயிருக்கிறீர்களா? மூத்திரமும் சாணமும் குழம்பிய தரையில் முதலில் செருப்பு அமிழும். கழுத்து நரம்பைத் தேடிக் கையை வைத்தால் சூடான எச்சில் முழங்கை வரை வழியும். பின்னால் போனால் வால் வந்து கன்னத்தில் அறையும், அந்த வாலில் என்ன ஒட்டியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்தாலும் நகக்கண்ணில் அந்த வாடை இருக்கும். மற்றவர்கள் அதே கையால் பிஸ்கட் எடுத்துத் தின்றார்கள். நான் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வேன். துரை என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

என் அக்காவும் அத்தானும் பால் பண்ணை வைத்திருக்கிறார்கள். அதுவும் என் பகுதியில்தான் வந்தது. கொட்டகை வாசலில் முதலாவதாக ஒரு மாடு கட்டியிருப்பார்கள். அக்கா அதை வாசல்காரி என்பாள். குளிப்பாட்டி வைத்ததுபோல் சுத்தமான மாடு. ஊசியைக் குத்தினாலும் அசையாது. உள்ளே வரிசையாக நின்ற மற்ற மாடுகளைப் பார்த்தேன். வாசல்காரியைப் பார்த்தேன். ஒரு பெரிய பாட்டில் நிறைய அவளிடமே எடுத்து, எல்லாக் குழாய்களிலும் பிரித்து ஊற்றி, மற்ற மாடுகளின் காது எண்களை ஒட்டிவிட்டேன். அத்தான் பால் ஊற்றப் போயிருந்தார். அக்கா எனக்குக் காபி போட உள்ளே போயிருந்தாள். காபி வருவதற்குள் வேலை முடிந்தது.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறையும்.

டாக்டரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "உங்க அக்கா பண்ணை மாதிரி சுத்தமான பண்ணைய நான் பாத்ததே இல்ல துரை. ஒரு மாட்டுலகூட கொஞ்சமும் திரியல" என்றார். நோயில்லாத ரத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு என் குழாய்களைத்தான் அளவுகோலாக வைத்தார். தடுப்பூசி மருந்து குறைவாக வந்த சமயம் அது. கிடேரிகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு மட்டும் போடுகிற ஊசி. அக்கா பண்ணைக்கு அவசரமில்லை என்று அதை வேறு பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். அப்போது அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தக் கிடேரிகள் வளர்ந்து சினைபிடித்தன. அக்காவும் உண்டானாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் குளம் டாக்டர் என்று அலைந்து ஓய்ந்த பிறகு வந்த கரு. அத்தான் அவளைத் தரையில் நடக்க விடவில்லை. ஆனால் அக்காவை மாட்டிடமிருந்து பிரிக்க அவராலும் முடியவில்லை.

ஒரு காலையில் போன் செய்தாள். போனேன். ஒரு கிடேரி கன்றைத் தள்ளியிருந்தது. ரோமம்கூடச் சரியாக முளைக்காத ஒன்று, வைக்கோலில் கிடந்தது. நஞ்சுக்கொடி பாதி உள்ளேயே இருக்க, மீதி வெளியே தொங்கிற்று. தடித்துப்போய், பழைய தோல்போல, மஞ்சள் சளி பூசி இருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பையில் ஒரு ஜோடி கையுறை இருந்தது. மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, வெறுங்கையால தொடலாமாடா? வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு பயமா இருக்கு."

தொடாதே என்று சொன்னால் ஏன் என்பாள். நோய் என்றால், நீதானே இல்லை என்றாய் என்பாள்.

"தாராளமா தொடலாம்க்கா. அதான் உங்க மாடு எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணியாச்சே" என்றேன்.

அவள் குனிந்து, நஞ்சுக்கொடியை இழுத்து, கன்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க் குழியில் போட்டாள். போகும்போது அந்தக் கன்றைத் தடவி, "பாவம்டா இது" என்றாள். வெளியே போய் வாந்தி எடுத்தேன். அவள்தான் கையைக் கழுவிவிட்டு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு இன்னும் சில மாடுகள் கன்று வீசின. விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போய், அவரே கிளம்பி வந்தார். கேனிலிருந்த பாலில் கொஞ்சம் எடுத்துச் சாயம் கலந்து வைத்தார். நோயிருந்தால் மேலே மிதக்கும் ஆடையில் ஊதா வளையம் கட்டும். கட்டியது. எல்லா மாட்டின் பாலும் கலந்த கேன் அது, அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. பிறகு அவரே கொட்டகைக்குள் இறங்கி ஒவ்வொரு மாட்டிடமும் ரத்தம் எடுத்தார். பாதிக்கு மேல் திரிந்தது. என் குட்டு உடைந்தது. இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் மாடுகளைப் பற்றித்தான் கேட்டீர்கள். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக ஒன்றைச் செய்வது எனக்குப் பிடிக்காது.

டாக்டரம்மா பண்ணைக்கு வருவதற்கு முன்பே அக்காவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. மாலையானால் ஏறும், வேர்த்துக் கொட்டும், காலையில் இறங்கும். முதுகெலும்பு விண்ணென்று வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி டாக்டர் விவரமானவர். "பண்ணை வெச்சிருக்கீங்க, எதுக்கும் அந்த மாட்டு நோய் இருக்கான்னு பாத்துடலாம். இப்பவே தெரிஞ்சா மாத்திரை கொடுத்துப் புள்ளையக் காப்பாத்தலாம்" என்றார். அந்தச் சோதனை எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் உண்டு. அக்காவின் ரத்தக் குழாயை நர்ஸ் என் கையில் கொடுத்தாள். வீட்டு ஆள், அந்த வேலையிலேயே இருக்கிறவர் என்று நம்பிக் கொடுத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் வருவதற்கு முன்னால் டைல்ஸ் துண்டை எடுத்து நானே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஆட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, மருந்து பட்டதும் திரிந்துவிட்டது. மீதியைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். என் கையில் ஊசி குத்தி, என் ரத்தத்தை வேறொரு குழாயில் பிடித்து, அக்காவின் பெயரை ஒட்டி டாக்டரம்மா மேசையில் வைத்தேன். அது வழவழவென்று இருந்தது. "அக்காவுக்கு ஒண்ணுமில்ல துரை, நிம்மதியா இருங்க" என்று டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் அந்த நோயை விட்டுவிட்டு வேறு எதையெதையோ தேடினார்கள். அடுத்த மாதம் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. அத்தான் கையில் வாங்கிக்கொண்டார். என்னிடமும் நீட்டினார், நான் வாங்கவில்லை.

அக்கா இன்னும் காய்ச்சலோடுதான் படுத்திருக்கிறாள், அவளுக்கு அந்த நோய் இல்லை என்ற முடிவைத்தான் ஆஸ்பத்திரியில் இன்னும் நம்புகிறார்கள். நான் சொன்னதை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள், சரியான மாத்திரை கொடுப்பார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்கள், அதிலும் தப்பில்லை. நான் செய்ததை நான் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நியாயமாக ஒன்று யோசித்துப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லவே கூசுகிற அந்த அசிங்கத்தை அள்ளி நெஞ்சோடு அணைத்தது நானில்லை. அவளுக்குக் கொஞ்சமாவது அருவருப்பு என்று ஒன்று இருந்திருந்தால், நான் தொடலாம் என்று சொல்லியும் தொட்டிருக்க மாட்டாள்.