அமல்ராணிக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம்

மல்லாட்டைப் பருப்புக்குக் காற்று ஆகாது ஐயா. உரித்த வேர்க்கடலையைக் குவித்துவைத்து விசிறியைப் போட்டால் சிவப்புத் தோல் அறை முழுக்கப் பறக்கும். பொறுக்குகிற பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் என் ஷெட்டில் விசிறி கிடையாது, சன்னல்களில் சாக்கு அடைத்திருக்கிறது. இதைப் போய் ஒரு குற்றமாக எழுதிக்கொள்கிறீர்கள். இருக்கட்டும், தொழிலாளர் துறை அதிகாரி என்றால் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

வக்கீல் பாண்டுரங்கன் என்னை வாயைத் திறக்கவே கூடாது என்றார். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அமல்ராணிதான் என் ஷெட்டிலேயே வேகமான கை. சொத்தையும் சுருங்கலும் அவள் விரலுக்குத் தானாகத் தட்டுப்படும். போன தவக்காலம் தொடங்கிய வாரம், என் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "மொதலாளி, எனக்கு டிபியாம். சளியில கிருமி இருக்குதாம். கொஞ்ச நாளு யாரு பக்கத்துலயும் ஒக்காராத, வீட்லயே இருன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. புருஷன் இல்லாதவள். மகள் கிளாராவுக்கு அப்போதுதான் ஒரு வரன் கூடி வந்திருந்தது. விஷயம் வெளியே போனால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். யாரிடமும் மூச்சு விடாதே, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வரத்து மலைபோல் குவிந்துகிடந்த நேரம் என்பதும் உண்மைதான். ஆனால் அதை நினைத்து நான் சொல்லவில்லை.

மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டுகிறது, கை ஓடமாட்டேன் என்கிறது என்றாள். சீசன் முடியட்டும், அப்புறம் ஒழுங்காகச் சாப்பிடலாம் என்றேன். நான் டாக்டர் இல்லை ஐயா, தெரிந்த மனுஷனாக ஒரு யோசனை சொன்னேன், அவ்வளவுதான். கேட்டது அவள்.

மற்ற பெண்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. இருமலைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொருத்தியாக நகர்ந்துவிட்டார்கள். குவியலைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள், அமல்ராணிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடம் என்னைத் தூங்கவிடவில்லை. இன்றைக்கு இடம் காலி, நாளைக்குப் பேச்சு கிளம்பும், அதற்கு மறுநாள் கெடார் கிராமத்திலிருந்து பெண்களை ஏற்றி வருகிற வேனே காலியாக வரும். ஆள் கலைந்தால் ஒரு சீசன் முழுக்கப் பாழ். அமல்ராணியின் மானமும் போய்விடும், அதையும் பார்க்க வேண்டும் அல்லவா.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற பெண்ணை வேகமான கைக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்காரவைப்போம். பார்த்துப் பார்த்து இவள் கையும் ஓடத் தொடங்கிவிடும். அங்கே யாரை உட்காரவைத்தாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்த இடம் கிடைப்பது ஒரு கௌரவம்.

பரீட்சை முடிந்து பரிமளா வந்தாள். கெடார்ப் பெண். அவள் அம்மா காந்திமதியே கூட்டிக்கொண்டு வந்து, வெளியே வேலைக்குப் போய்ப் பழக்கமில்லாத பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நல்ல இடமாகவே உட்காரவைக்கிறேன் என்றேன். சொன்னபடியே செய்தேன். சன்னல் அடைத்த அறையில், அமல்ராணியின் முகத்தருகே முகம் வைத்துக் குனிந்து, அந்தப் பிள்ளை சீசன் முடிகிறவரைக்கும் பொறுக்கியது. இடம் நிரம்பியதும் மற்றவர்களுக்கும் பயம் தெளிந்து பழையபடி சிரிப்பும் பேச்சும் வந்துவிட்டது. லாரிகள் நேரத்துக்குப் போயின.

ஆடியில் பரிமளாவுக்குக் காய்ச்சல் வந்தது. டிபி கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஐப்பசியில் போய்விட்டாள். மாலையோடு நானும் போனேன். அங்கே அத்தனை பேருக்கு நடுவில் அமல்ராணி காந்திமதியின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒம் பொண்ணுக்கு எங்கிட்டருந்துதான் வந்துச்சி. எனக்கு நோவு இருக்கறது மொதலாளிக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் பக்கத்துல ஒக்கார வெச்சாரு. நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

வயிறு எரிந்தது ஐயா. எந்த மானத்தை நான் கட்டிக் காப்பாற்றினேனோ, அதை அவளே எழவு வீட்டில் கொட்டிவிட்டாள். அவள் விட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காந்திமதி உங்களிடம் வந்திருக்கிறாள்.

வேலை செய்த இடத்தில் தொற்றிய நோய்க்கு முதலாளிதான் பொறுப்பு என்கிறீர்கள். நோய் என்ன விலாசம் ஒட்டிக்கொண்டா வருகிறது? வேனில் தொற்றியிருக்கலாம், பள்ளிக்கூடத்தில் தொற்றியிருக்கலாம். பாண்டுரங்கன் தெளிவாகவே சொல்லிவிட்டார், எனக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபித்தால்தான் கேஸ் நிற்குமாம். "போய்த்தான் ஆகணும்னா, தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றும் என்று எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். பரிமளா வந்த அதே காலையில் இன்னொரு புதுப்பெண்ணும் வேலைக்கு வந்தாளாமே, காயத்ரி என்று. ஆமாம், வந்தாள். அவளும் அதே பள்ளிக்கூடம், அதே வயசு. வழக்கப்படி அமல்ராணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று இரண்டு பேரையும் உட்காரவைத்திருக்க வேண்டும்தான். காயத்ரியை நான் அறைக்குள்ளேயே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு தைக்கச் சொன்னேன். ஏன் என்கிறீர்கள்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது ஐயா. காயத்ரி என் அக்காள் மகள். அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்.