ஐப்பசியில் இரண்டு முத்தாத்தாள்கள்

1957 அக்டோபர் 30, பகல் பதினொரு மணி. ஸ்டேஷனில் வைத்து விசாரித்தபோது சொன்னது.

என் பெயர் ராசம்மாள். வயது சுமார் முப்பத்திரண்டு. காலஞ்சென்ற பிச்சைமணியின் மனைவி. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். செம்பருந்துமலை எஸ்டேட், நாலாம் நம்பர் லயத்தில் குடியிருந்து பதினோரு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது.

புதுச் சட்டப்படி இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு என்று ஆடி மாதம் எஸ்டேட்டில் அறிவித்தார்கள். ஐப்பசி பிறந்தபோது எங்களுக்கு ஆளுக்கு நாலு நாள் சேர்ந்திருந்தது. டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்று சட்டத்திலேயே இருப்பதை சப் இன்ஸ்பெக்டர் அய்யா இன்று படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு சரஸ்வதி என்று ஒரு மகள். வயது ஆறு. என் புருஷன் இறந்த வருஷம் அவளைச் சங்கரன்கோவிலில் நாத்தனாரிடம் விட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் சம்பளமில்லாமல் ஆறு நாள் போய் வந்தேன். முதல் நாள் பயணத்தில் போயிற்று. இரண்டாம் நாள் அவள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தாள். நாலாம் நாள் பக்கத்தில் வந்து என் முந்தானையைத் தொட்டு, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு நாள் என்னோடு இருந்தாள். திரும்பி வந்தபோது செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் என் பேர் வெட்டப்பட்டிருந்தது. மறுபடி பதிய ஒரு மாதம் ஆனது. நாலு நாள் லீவில் போனால், அவள் பக்கத்தில் வருகிற நாளில் நான் பஸ்ஸில் இருப்பேன்.

எங்கள் லயத்தில் பெண்கள் ஏலச்சீட்டு, பாத்திரச்சீட்டு போடுவது வழக்கம். அதே முறையில் ஏழு பேர் சேர்ந்து லீவுச்சீட்டு போட்டோம். சீட்டுக்கு ஆளுக்கு இரண்டு நாள். விழுந்தவளுக்குப் பதினாலு நாள். புகையிலை டப்பாவில் பேரைப் போட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டு முத்தாத்தாளுக்கு விழுந்தது. அவளுடைய புருஷன் சின்னையன் மலைக்குளிர் நெஞ்சுக்கு ஆகாமல் மூன்று வருஷமாக மீனாட்சிபுரத்தில் ஒரு மாட்டுப்பண்ணையில் இருக்கிறார். "ஏனுங்க்கா, நெசமாலுமே எனக்குத்தானுங்களா? மறுக்காப் பாருங்க" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். கார்த்திகைச் சீட்டு எனக்கு விழுந்தது. நான் மறுதடவை பார்க்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு முத்தாத்தாள் ஊருக்குப் போனாள். அவள் பேர் விட்டுப்போகாமல் இருக்க, மற்ற ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்து, அந்த நாட்களில் அவள் பேருக்கு நாங்கள் வேலைக்கு நின்றோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாருக்கும் தலையில் கம்பளி, முகத்தில் பனி. பேருக்குக் குரல் வந்தால் கங்காணி ஆறுமுகசாமி கோடு போடுவார். அவருக்கு இதில் தொடர்பு இல்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. கூடையைத்தான் பார்ப்பார்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் நான் முத்தாத்தாளாக இருந்தேன். பக்கத்து நிரையில் நின்ற, எங்கள் சீட்டில் சேர்ந்த ஞானஜோதி, "ஏட்டி முத்தாத்தா, மீனாட்சிபுரத்துல ஒம் மாப்பிள்ளை தேடுதாராம், நீ இங்கன நிக்கே" என்று கேலி செய்தாள். "தேடட்டும், சோறு பொங்கி வச்சிட்டுத் தேடச் சொல்லு" என்றேன். முத்தாத்தாள் ஒரு நாளும் இருபது ராத்தலுக்கு மேல் பறித்தவள் அல்ல. ஆனால் அவள் பேரில் நின்றபோது, அவளுக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொருத்தியும் கூடுதலாகப் பறித்தோம். எட்டாம் நாள் நான் பறித்தது நாற்பத்திரண்டு ராத்தல்.

ஒன்பதாம் நாள் காலை துரை பெரட்டுக்கு வந்தார். அந்த வாரம் அதிகம் பறித்த ஆள் முத்தாத்தாள் என்றும், அவளுக்குப் புதுக் கம்பளி பரிசு என்றும் சொல்லி முன்னால் கூப்பிட்டார். அன்றைய முறை ஞானஜோதியுடையது. அவள் போய் நின்றாள். நாற்பத்திரண்டு ராத்தல் என்று துரை வாசித்ததும் நானும் போய் நின்றேன். கம்பளிக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. கூப்பிட்டது என்னை என்று நினைத்துவிட்டேன். துரை இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு கம்பளியை மடித்துக் கங்காணியிடம் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் ஆறு பேர் மீதும், லீவு நாளில் வேலை செய்து ஆள்மாறாட்டத்தால் எஸ்டேட்டை ஏமாற்றினோம் என்று புகார் கொடுத்தார்கள். லீவு நாளில் வேலை செய்தது உண்மை. ஓய்வு எடுக்காதது தப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். பறித்த கொழுந்தில் ஒரு இலையும் முத்தாத்தாளுடையது இல்லை என்பதும் உண்மை. அந்தக் கொழுந்தை எஸ்டேட் திருப்பிக் கொடுக்கவில்லை.

சீட்டு போடலாம் என்று முதலில் சொன்னவள் நான். மற்றவர்கள் பேரை வெட்ட வேண்டாம். முத்தாத்தாளுக்குத் தந்தி கொடுத்து வரவழைக்க வேண்டாம். அவளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது இந்தப் பதினாலு நாள்தான்.

இன்று நான் வேலைக்குப் போகாமல் ஸ்டேஷனில் இருக்கிறேன். நாளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கணக்கில் மீதி இருப்பது இரண்டு நாள் லீவு. இந்த இரண்டு நாளை அதில் கழித்துவிட வேண்டாம் என்று எஸ்டேட்டுக்கு எழுதும்படி அய்யாவைக் கேட்டேன். ஆப்சென்ட் என்றே போடட்டும், சம்பளம் வேண்டாம். சீட்டு உடைந்துபோனாலும் அந்த இரண்டு நாள் எனக்கு வேண்டும். ஒரு நாள் போக, ஒரு நாள் வர. ஒளிந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, குதிருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. கடைசியில் சொன்ன கோரிக்கை வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அய்யா சொன்னார். அதை அடிக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் அப்படியே இருக்கிறது.

ராசம்மாள், இடது பெருவிரல் ரேகை.