பின்பக்கத்தில் ஒட்டிய இரண்டு பேர்

கோதுமை மாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே புளித்துவிடும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே வர மாட்டார்கள்.

ஹிதாயா, உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் ‘சிறு பிள்ளைகளுக்கான எளிய கைவினைச் செயற்பாடு ஒன்றைத் திட்டமிடுக’ என்று ஒப்படை தந்திருக்கிறார்கள், கலகெதரயில் உனக்கு நேசரி டீச்சராக இருந்த நான் ஒன்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் வேறு பேனையால் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நான் யாருக்காவது ஏதாவது சொன்னேனா டீச்சர், வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆகையால் சேர்த்தே எழுதுகிறேன்.

செயற்பாட்டின் பெயர் ‘என் வீட்டு ஆட்கள்’. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய தாள், அதில் கூரையும் கதவும் கீறிய ஒரு வீடு. சின்னத் தாள்களில் ஆண், பெண், குழந்தை உருவங்களை நானே வெட்டி வைத்துவிடுவேன். கத்தரிக்கோலைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. இவர் தபால் கந்தோரில் வேலை செய்ததால் பழைய தந்திப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. பின்பக்கம் வெறுமையான நல்ல தாள். பிள்ளை ஆட்களுக்கு முகம் கீறி வீட்டுக்குள் ஒட்ட வேண்டும். விரல்களுக்குப் பயிற்சி, எண்ணப் பழகுதல், குடும்பத்தை அறிதல் என்று நோக்கம் எழுதலாம். என் கொப்பியிலும் அப்படித்தான் எழுதினேன்.

கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தது செவ்வாய்க்கிழமை. அடுத்த நாள் எங்கள் ஊரில் வரதராசா அண்ணையின் சைக்கிள் கடையை எரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது நானும் இவரும் குசினி நிலத்தில் குந்தியிருந்தோம். தாலியைக் கழற்றி அரிசிப் பேணிக்குள் போட்டேன். அந்தோனியார் படத்தை எடுத்து ஜன்னலில் வெளியே பார்க்க வைத்தேன், சிங்களச் சனமும் கும்பிடுகிற புனிதர் என்பதால். இதையெல்லாம் எழுதுவது நீ என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை காலை, பலகை விற்கிற மரக்காலை முதலாளி வந்தார். அவருடைய பெயர் இந்தக் கடிதத்தில் வேண்டாம், எனக்கு இன்னும் பயம் போகவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சிங்களத்தில் மெதுவாகத்தான் கதைத்தார்.

“டீச்சர் பயப்பட வேண்டாம். மஹத்தயாவை யாரும் தொட மாட்டார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்” என்றார். மஹத்தயா என்றது என் புருஷனை. பிறகு விஷயத்துக்கு வந்தார். வரதராசா அண்ணையும் மனைவி பத்மாதேவியும் அகதி முகாமுக்குப் போகவில்லையாம். கடையில் பெற்றோல் ஊற்றிய முதலாளியின் தம்பியை வரதராசா அண்ணை நேருக்கு நேர் கண்டுவிட்டாராம். நாளைக்குப் பொலிசில் வாய் திறந்தால் தம்பியின் வாழ்க்கை போய்விடுமாம். அவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஏதோ ஒரு வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த வீடு என்றுதான் தெரியவில்லை.

“ஏழு வீட்டுப் பிள்ளைகளும் டீச்சரிடம்தானே வருகின்றன” என்றார்.

தேத்தண்ணீரை முழுதும் குடித்தார். எழும்பும்போது, மஹத்தயா கந்தோரிலிருந்து எத்தனை மணிக்கு வருவார், ரோட்டால் வருவாரா, ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையால் வருவாரா என்று கேட்டார். நான் குறுக்குப் பாதையால் என்று சொன்னேன். “நாளைக்கு வருகிறேன்” என்று சொல்லிப் போனார்.

வேறு வழி இருக்கவில்லையா என்று நீ கேட்பாய். இருந்தது. பக்கத்துச் சிங்கள வீட்டு மெனிக்கே அன்றைக்கே வேலியால் எட்டிப் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டு அறைக்குள் வந்திருக்கச் சொன்னாள். அவளுடைய புருஷன் வாசலில் கத்தியோடு இருப்பானாம். நல்ல மனுசர். ஆனால் ஆள் இல்லாத வீட்டை எரித்துவிடுவார்கள். அலுமாரி, தையல் மெசின், பிள்ளைகளுடைய சின்னக் கதிரைகள் எல்லாம் இருந்தன. பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரம்தான் இந்தச் செயற்பாட்டைத் திட்டமிட்டேன். பிள்ளையிடம் நேரே கேள்வி கேட்கக் கூடாது, ஹிதாயா. தாய் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது சொல்லும். கையில் பசையைக் கொடுத்தால் கண்டதை ஒட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது, ஆனால் வீட்டில் ஓர் ஆளை விட மனம் வராது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, அனுபவத்தில் கண்டது. கிரயோன்களில் சிவப்பை வழக்கமாக ஒளித்து வைப்பேன், எடுத்தால் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுவீர்கள். அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு சிவப்பு வைத்தேன். ஒழுங்கையில் உங்கள் ஏழு வீடுகளும் முஸ்லிம் வீடு, சிங்கள வீடு. எந்தத் தாயும் பொட்டு வைக்கிறதில்லை. பத்மாதேவி அக்காவைப் பொட்டில்லாமல் நான் ஒருநாளும் கண்டதில்லை.

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆனால் காலையில் ஊரடங்கை எடுத்ததும் தாய்மார் பாண் வரிசைக்குப் போக வேண்டும், பிள்ளைகளை என் முன் அறையில் விட்டுவிட்டு ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை ஏழு பேரும் வந்தீர்கள். நீ ஜன்னலோரம் இருந்தாய். வாப்பா, உம்மா, தம்பி, நீ, பூனை எல்லாரையும் வீட்டுக்குள் ஒட்டினாய். எனக்கு மூச்சு வந்தது. உங்கள் வீடாக இருக்கக் கூடாது என்றுதான் நான் ஆசைப்பட்டேன், உன்னில் எனக்கு நல்ல விருப்பம். பிறகு நீ இன்னும் இரண்டு ஆட்களை எடுத்தாய். ஒருவருக்கு மீசை. மற்றவருக்கு நெற்றியில் சிவப்பு. தாளைத் திருப்பி, இரண்டு பேரையும் பின்பக்கத்தில் ஒட்டினாய்.

“இது ஆரம்மா?” என்றேன்.

“சொல்லக் கூடாதாம் டீச்சர். உம்மா ஏசுவாங்க.”

“சரி, சொல்ல வேண்டாம்” என்று உன் தலையைத் தடவினேன். உன் உம்மா பாயிஸா சொன்னதை நீ அப்படியே காத்தாய். ஒளித்திருப்பவர்களை ஒளித்தே ஒட்டினாய். நாலு வயதில் அவ்வளவு விளக்கமுள்ள பிள்ளையை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

பசை காய நாலைந்து மணித்தியாலம் வேண்டும். ஜன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தாள்களைக் கொழுவினேன். உன்னுடையதைக் கடைசியில் கொழுவினேன். பின்பக்கத்துப் பசை ஈரமாக இருந்தபடியால் அந்தப் பக்கத்தை வெளியே பார்க்க விட்டேன். மத்தியானம் முதலாளி வந்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, இதை நீ நம்ப வேண்டும். தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கயிற்றின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாளைக் கழற்றி மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். உடுப்புக் கிளிப்பை என் கையில் தந்தார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

ஊரடங்கு தொடங்க அரை மணித்தியாலம் இருக்கையில் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். உங்கள் வீட்டை எரிக்கவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். உன் வாப்பா மக்கீன் நானா வாசலில் குறுக்கே நின்றதால்தான் அவருடைய கை முறிந்தது. அந்தக் கை பிறகு நேராகவில்லை என்று உனக்குத் தெரியும். ஒளித்திருந்த இரண்டு பேரையும் ஓயாப் பக்கம், ஆற்றுக்கு, நடத்திக்கொண்டு போனார்கள். என் வீட்டைத் தாண்டும்போது பத்மாதேவி அக்கா ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தா. வாய் திறக்கவில்லை. கூப்பிட்டால் நாங்களும் தமிழர் என்று அவர்களுக்கு நினைவு வரும், எங்களுக்கும் ஆபத்து என்று நினைத்திருப்பா. அவ அப்படிப்பட்ட மனுசி. நான் பசைக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன், காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கும். அவர்கள் இரண்டு பேரையும் அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

இவர் குறுக்குப் பாதையால் சுகமாக வந்து சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்தார்.

“இண்டைக்கு ஆறு பிள்ளையளோ வந்தது?”

“ஓம். ஒண்டுக்குக் காய்ச்சல்” என்றேன்.

காலையில் நீ வாசலில் இவருக்கு டாட்டா காட்டியிருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பிறகு இவர் நேசரியைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, தந்திப் படிவங்களும் கொண்டு வந்ததில்லை. பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு இவரைக் கண்டாலும் இப்போது பயம்தான்.

இரண்டு கிழமை கழித்து உன் உம்மா வந்தா. இதே முன் அறையில், முதலாளி இருந்த அதே கதிரையில் இருந்து அழுதா. “நாங்க யாருக்கும் மூச்சு விடல்லயே டீச்சர். யாரு சொல்லிருப்பா?” என்று கேட்டா. “சின்னப் பிள்ளைதானே, எங்கயாவது வாய் தவறிச் சொல்லியிருக்கும். ஏசாதேங்கோ” என்றேன். ஏச வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் உனக்கு நல்ல அடி விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நீ வகுப்பில் கதைக்கவில்லை. வருட முடிவு அறிக்கையில் ‘அமைதியான பிள்ளை’ என்று எழுதினேன்.

நீ யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, ஹிதாயா. நானும் சொல்லவில்லை. அந்தத் தாள் சொன்னது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்போது நான் இப்படித்தான் நினைத்துக்கொள்வேன், நீயும் அப்படி நினைத்தால் நல்லது.

ஒப்படைக்கு வேண்டிய ஒரு குறிப்பை மறந்துவிட்டேன். ஒவ்வொரு தாளிலும் பிள்ளையின் பெயரை ஆசிரியர்தான் எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் பிள்ளை எழுத்துப் பழகும். சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்திலும் உங்களுக்குத் தமிழிலும் எழுதுவது என் வழக்கம். மரக்காலை முதலாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அன்றைக்கு உன்னுடைய தாளில் மட்டும், பின்பக்கத்தில், அந்த இரண்டு பேருக்கும் கீழே, உன் பெயரையும் உன் வாப்பாவின் பெயரையும் சிங்களத்தில் எழுதினேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுத்து வடிவாக வந்திருந்தது.