வணங்கும் முத்திரை

— மன்னிச்சுக்கோங்க தொகுனாகா-சான், இந்த லீவு படிவத்துல இன்னும் என்ன தப்பு?

— உங்க முத்திரையப் பாருங்க ராசா. நட்டுக்குத்தா நிக்குது.

— பேரு தெளிவாத்தானே விழுந்திருக்கு? ‘இவாகுரா’ன்னு?

— பேரு கிடக்கட்டும். இடப்பக்கக் கட்டத்துல செக்‌ஷன் தலைவர் ஷிமோடா முத்திரை விழணும். நம்ம ஜப்பான் ஆபீஸ் வழக்கப்படி உங்களுது லேசா இடப்பக்கம் சாஞ்சு அவரை வணங்கணும். இது என்னடான்னா, அவர்கிட்ட சண்டைக்கு வந்த மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது.

— மன்னிச்சுக்கோங்க. மத்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு. லீவு ஒண்ணுதான் இன்னும் காகிதத்துல. நான் சேர்ந்து ஆறு வருஷத்துல இப்பத்தான் முத தடவையா கேக்குறேன்.

— அப்படி என்ன அவசரம்?

— நாளைக்கு எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. தொடர் ஓட்டத்துல சியோரிதான் கடைசிச் சுத்து ஓடுறா.

— போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

— போன வாரம் அவ ஒரு படம் வரைஞ்சா. ‘எங்க குடும்பம்’னு. அம்மா, அவ, பூனை. நான் எங்கேன்னு கேட்டேன். படத்துல வாசல்ல வரைஞ்சிருந்த ஒரு ஜோடி ஷூவைக் காட்டுறா.

— அட பாவமே!

— காலையில அவ எந்திரிக்கறதுக்குள்ள கிளம்பிடறேன், தூங்கினப்புறம்தான் வர்றேன். என்னன்னு வரைவா? இந்தாங்க, புதுசா குத்தியிருக்கேன்.

— ஐயையோ! இது வணக்கமா? கால்ல விழுந்து கிடக்குது! தலைவர் கூச்சப்படுவாரு. இன்னொரு படிவம் எடுங்க.

— தலைவர் குடுத்துருவாரா? மாடியில இருபத்துமூணு பேரும், அவர் முத்திரை விழவே விழாதுங்கறாங்க. அவரே ஞாயித்துக்கிழமைகூட வந்து உக்காந்திருக்காராம்.

— முதல்ல முத்திரையக் கெட்டியாப் பிடிங்க. மெல்ல... சாய்ங்க... போதும்! ஆகா, என்னா பணிவு!

— நானே போய் அவர் கால்ல விழட்டுமா?

— அவரு மீட்டிங்ல இருக்காரு ராசா. அது முடிஞ்சா அடுத்த மீட்டிங். கொஞ்சம் நகருங்க, டிராயரைத் திறக்கணும்.

— தொகுனாகா-சான்... அந்த முத்திரையில ‘ஷிமோடா’ன்னு இல்ல போட்டிருக்கு?

— ஆமா. இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல, கேக்குறவங்களுக்கு நீயே குத்திக் குடுத்துருன்னு சொல்லி, தலைவரான அன்னிக்கே என் கையில திணிச்சுட்டுப் போயிட்டாரு.

— அப்ப இவ்வளவு நேரமா என் முத்திரை யாரை வணங்கிச்சு?

— என்னைத்தான். நல்லா இருந்துச்சு.

— சத்தியமா லீவு உண்டா? நாளைக்கு நான் போகலாமா?

— போங்க. நல்லா சத்தம் போட்டுக் கைதட்டுங்க. வரும்போது எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டு வாங்க, மறந்துறாதீங்க.

— கண்டிப்பா! ஆமா, எதுக்கு முத்திரைய வாய்கிட்ட வச்சு இப்படி ஊதுறீங்க?

— மை காஞ்சு போயிருக்கு ராசா. அவரு இதைக் குடுத்துட்டுப் போன ஏழு வருஷத்துல எங்கிட்ட வந்து லீவு கேட்ட முத ஆளே நீங்கதான்.