ஏழாவது சரணம்

தேநீருக்கு நன்றி, சார்ஜென்ட். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை.

நம் பிரபல டெனர் பாடகர்கள், அதுதான் உச்சக் குரல்காரர்கள், ஐரிஷ் மொழியில் இசைத்தட்டு கொடுத்ததுண்டா என்று கேட்டீர்கள். உண்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி. நூறு பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் தட்டின் பின்பக்கத்தில். பாஸ்டனில் குடியேறி, அங்கே தட்டு வாங்குகிற நம்மவர்களுக்கு அம்மாவையும் மலையையும் நினைத்து ஆங்கிலத்தில் உருகினால் போதும். பாடுகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு மொழி தெரியாது. அதனால்தான் என்னைப் போன்ற பள்ளி வாத்தியாரைத் தேடி வருவார்கள். நான் ஆங்கில எழுத்தில் ஓசையை எழுதிக் கொடுப்பேன். அர்த்தம் தெரியாமலே பாடிவிட்டுப் போவார்கள்.

டெலாஹண்டியும் அப்படித்தான் டப்ளினில் என் வீட்டுக்கு வந்தார். அவர் குரலுக்காக அரங்கத்தின் வாசலில் மழையில் வரிசை நிற்கும். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் பதிவு செய்யாத ஐரிஷ் பாட்டு ஒன்று வேண்டும் என்றார். எங்கள் தீவில் பாடப்படும் மக்டராவின் பாட்டைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மக்டரா என் தம்பி. பதினேழு வயதில் கடலில் போனான். அதே படகில் இருந்த நான் கரை சேர்ந்தேன். பாட்டைக் கட்டியவள் எங்கள் தங்கை பைபீன்.

நான் ஆறு சரணம் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான் பாட்டு என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனின் பாட்டை அவன் வீட்டார் முன்னால், அவர்களைக் கேட்காமல் பாட மாட்டார்கள். பாடிக்கொண்டிருக்கும்போது வீட்டார் யாராவது உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்தப் பாட்டு நின்றிருக்கிறது; எனக்குப் பாடமானதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதுதான். தலையாட்டி, நாற்காலி போட்டு, மழையைப் பற்றிப் பேசுவார்கள். அது மரியாதையா, வேறு ஏதாவதா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? ஊரை விட்டு டப்ளினுக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

வீட்டார் என்ற முறையில் நானே அனுமதி கொடுத்தேன். டெலாஹண்டிக்கு அது போதவில்லை. "பாட்டு கட்டுனவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம பாடுனா நல்லாருக்காது மாஸ்டர்" என்றார். பைபீனுக்குக் கடிதம் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தீவுக்குக் கிளம்பிவிட்டார். முறையாக நடக்கிற மனிதரை எந்த முகத்தோடு தடுப்பது?

பைபீன் சோடா ரொட்டியும் தேநீரும் வைத்தாள். அவருடைய கதைகளைக் கேட்டுச் சிரித்தாள். தாராளமாகப் பாடுங்கள் என்றாள். பிறகு, தானே ஒரு முறை பாடிக் காட்டுவதாகச் சொல்லி என் பக்கம் திரும்பினாள்.

"பாடட்டுமா அண்ணே?"

முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டாள். விருந்தாளி முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

பாடுகிறவரின் கையைக் கேட்பவர் பிடித்துச் சுழற்றுவது எங்கள் வழக்கம்; அப்படியே டெலாஹண்டி அவள் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்ற, அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஆறு சரணம் முடிந்தது. நிறுத்தவில்லை. ஏழாவதில் மக்டரா தண்ணீரில் கிடந்து துடுப்பின் நுனியைப் பற்றியிருக்கிறான். படகில் இருப்பவன் துடுப்பை முறுக்கிப் பிடுங்கிக்கொள்கிறான். அவன் பெயர் பாட்டில் இல்லை. மக்டரா போன அன்று அவள் பாறையில் கடற்பாசி பொறுக்கிக்கொண்டிருந்தாள், சார்ஜென்ட். எங்கள் படகு கரையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

"இத ஏன் மாஸ்டர் சொல்லித் தரல? பாட்டோட உசுரே இங்கதான இருக்கு" என்றார் டெலாஹண்டி. மறந்துவிட்டேன் என்றேன். "வாத்தியாருக்கே மறதியா?" என்று சிரித்தார். அர்த்தம் கேட்டார். பைபீன் என்னைப் பார்த்தாள். "கடலப் பத்தித்தான் ஐயா" என்றாள். ஓசையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் கையாலேயே, ஒரு அசை பிசகாமல்.

அடுத்த வாரம் பதிவு. அந்த ஒரு சரணத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி அன்றிரவு எவ்வளவோ பேசிப் பார்த்தேன். நீளம் என்றேன், விற்காது என்றேன். குழந்தைக்குச் சொல்வது போல என் தோளைத் தட்டிக் கொடுத்தார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் என்னைக் கண்டால் நிறுத்துவார்கள். இசைத்தட்டு நிறுத்தாது. எந்தக் கடைக்குள், எந்த வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

காலையில் நானே, தார் பூசிய துணி போர்த்திய சிறு படகில் அவரை அக்கரைக்குக் கூட்டிப் போனேன். கடல் தட்டையாகக் கிடந்தது. அவர் ஏழாவது சரணத்தை முனகிக்கொண்டே வந்தார். நன்றாகவே வந்திருந்தது. பைபீன் பாறையில் நின்று கையசைத்தாள். பதிலுக்குத் தொப்பியைக் கழற்றி வணங்க அவர் எழுந்தார். அந்தப் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று எங்கள் தீவுக் குழந்தைக்கும் தெரியும். வாட்டர்ஃபோர்டு நகரத்துக்காரருக்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அது குற்றமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

விழுந்தவர் துடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதை நான் நீட்டவில்லை, கைக்கு எட்டியதால் பிடித்தார். "மாஸ்டர்" என்று மட்டும் கூப்பிட்டார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் என்ன செய்ய முடியும்? அவர் ஏறினால் பதிவு, பதிவுக்குப் பின் தட்டு. துடுப்பை முறுக்கினேன். பாட்டுக்காரர், மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவர், அடங்க நேரமாயிற்று.

பாறையில் நின்றவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்றும் கேட்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். மக்டராவின் விஷயத்தில் அலை இருந்தது, படகில் பாதித் தண்ணீர், நான் இருபது வயதுப் பையன், பயந்துவிட்டேன். இந்த முறை எனக்குப் பயமே இல்லை.