அக்காவின் கண்

"மச்சான், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. ஒன் அக்கா கண்ண வரையணும்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. ஐம்பது வயது இருக்கும். மடியில் நோட்டு, கையில் பென்சில். சர்ச்சுகளுக்குச் சிலையும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் செய்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"போட்டோ ஒண்ணுகூடவா இல்ல மாமா?"

"சுனாமியில அவளோட சேந்து எல்லாம் போயிடுச்சி."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிதம்பரத்துல ஃபாதர் மாதா ஜன்னல் கேட்டிருக்காரு. இவ முகத்த வைக்கலாம்னு ஒக்காந்தா, வேற யாரோ வர்றாங்க."

"முன்னாடி எந்தச் சிலையிலயும் அக்கா முகத்த வைக்கலியா?"

"அவ போறதுக்கு முன்னாடி இருவது வருஷமா எத்தன மாதா செஞ்சிருப்பேன். இவதான் வீட்லயே இருக்காளே, எப்ப வேணாலும் செஞ்சிக்கலாம்னு இருந்துட்டேன்."

பஸ் குலுங்கும்போதெல்லாம் பென்சிலைத் தூக்கிக்கொண்டார்.

"மூக்கு அக்காவுக்கு வேற மாதிரி மாமா. கண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு."

"கண்ணு கெடச்சா போதும். மிச்சம் தானா வந்துடும்."

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்குகிறவர்களை அவசரப்படுத்தினார்.

"நீ எறங்கணுமே மச்சான்."

"சிதம்பரம் வரைக்கும் வர்றேன் மாமா. நீங்க வரைங்க," என்றார் தம்பி, முகத்தைத் திருப்பாமல்.